அம்புக்குறி போட்ட கோட்டை

இன்று காலை வெள்ளவத்தைச் சந்தையடியில் பஸ்ஸுக்கு நின்றபோது, ஏதோ ஹோட்டலின் பெயர் பொறித்த சட்டை அணிந்த பெண்ணொருத்தி வழவழப்பான தாளொன்றை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். விரித்துப் பார்த்தேன். கொழும்பின் வரைபடம். கோட்டை, துறைமுகம், வெளிச்சவீடு எல்லாம் நிறம் நிறமாக, இலவசமாக. நான் செய்த முதற்காரியம், அதைச் சின்னதாக மடித்துச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, பொலிஸ்காரர் எவராவது நிற்கிறாரா என்று பார்த்ததுதான். நின்றார். அவர் கையிலும் ஒன்று இருந்தது. அதால் முகத்துக்குக் காற்று விசுக்கிக்கொண்டிருந்தார்.

நீர் போனபின் நாடு அடைந்த முன்னேற்றத்தை உமக்கு அறிவிக்கவே இதை எழுதுகிறேன்.

பகலில் அரசாங்கக் கந்தோரில் ஓய்வூதியக் கோப்புகள் பார்த்தீர்; மாலையில் சிறுவர்களுக்கு வரலாறு எழுதினீர். "ரெண்டும் போய்ச் சேந்தவையின்ரை அலுவல்தான் ஐசே" என்பீர். கொட்டாஞ்சேனை அச்சகத்தில் உம்முடைய புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது என் சம்பளத் தொழில். ஆனால் உம்முடைய உண்மையான பரிசோதகர்கள் நீர் குடியிருந்த வெள்ளவத்தைத் தொடர்மாடியின் பிள்ளைகள். சனிக்கிழமை மாலைகளில், கடலைப் பார்த்த அந்தப் படிக்கட்டில் இருந்து புது அத்தியாயத்தை வாசிப்பீர். முடிவில் ஒரு பிள்ளையாவது "பிறகு?" என்று கேட்டால் அது அச்சுக்குப் போகும். கேட்காவிட்டால் அவர்கள் முன்னாலேயே கிழிப்பீர். "பெரியாக்கள் நித்திரை தூங்கினாலும் கை தட்டுவினம். பிள்ளையள் எழும்பிப் போயிடுங்கள். அதுகளை நம்பலாம்" என்பது உம்முடைய இலக்கியக் கொள்கை.

அரசர்களால்தான் தொல்லை வந்தது. வடக்கு அரசன் தோற்றால் வெள்ளவத்தைத் தமிழரிடமிருந்து கண்டனக் கடிதம் வரும். வென்றால் வேறிடத்திலிருந்து ஆள் வரும். அச்சக முதலாளி மலையகத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் கால் ஊன்றியவர். இரு பக்கத்துக்கும் பயந்தே பழக்கப்பட்டவர். "ஐயா, இந்த ராஜா நம்ம ஆளா, அவங்க ஆளா? ஒன்னு சொல்லிப்புடுங்க, இல்லன்னா பேரத் தூக்கிருங்க" என்றார். பெயரைத் தூக்கினீர். அடுத்த பதிப்பில் நாட்டின் பெயரும் போனது, அதற்கடுத்ததில் வாளும் போனது. மிஞ்சியது, பெயரில்லாத நாட்டின் பெயரில்லாத அரசன் தன் யானையைக் குளிப்பாட்டும் கதை. "யானைக்கும் அடையாள அட்டை கேப்பாங்கள், பாரும்" என்றீர்.

அப்போதுதான் ஒருவரையும் நோகடிக்காத ஒரு விடயத்தைக் கண்டுபிடித்தீர். போர்த்துக்கேயர் கையிலிருந்த கொழும்புக் கோட்டையை ஒல்லாந்தர் முற்றுகையிட்ட கதை. "வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரனும் அடிபட்டா எங்கடை ஆக்களுக்கு என்ன?" முதலாளியும் மகிழ்ந்தார்.

அந்த அத்தியாயத்தை வாசித்த அன்று நானும் படிக்கட்டில் இருந்தேன். மேல்மாடிச் சிறுமி "பிறகு?" என்று கேட்கவில்லை. அதைவிட நல்ல கேள்வி கேட்டாள். "மதில் அவ்வளவு உயரமெண்டா எப்பிடி மாமா உள்ளுக்குப் போனவை?"

உம்முடைய முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அத்தியாயத்தை எழுத்துக் கோக்க என்னிடம் தந்துவிட்டு, இரண்டொரு நாளில் கோட்டையின் படத்தைக் கீறி முடித்தீர். மதில்கள், துறைமுக வாய், கப்பல்கள் வந்த வழிக்குச் சிவப்பு அம்புக்குறிகள், மதில் பலவீனமான இடத்தில் ஒரு பெருக்கல் குறி. உம்முடைய வழக்கப்படி, பிள்ளையின் கேள்வியைத் தலைப்பாக மேலே எழுதினீர். பிறகு அதைப் பையில் வைத்துக்கொண்டு, யுத்தகாலக் கொழும்பில், கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினீர். வரலாறு எழுதும் ஒருவரால் மட்டுமே அது முடியும். அந்தக் கோட்டை விழுந்து முந்நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது என்ற நினைப்பு வேறு எவருக்கு வரும்?

சோதனைச் சாவடியில் இறக்கிவிட்டார்கள். செய்தி கேட்டு முதலாளியும் நானும் பொலிஸுக்கு ஓடினோம். என் சிங்களம் பரவாயில்லை என்பதால் நான் மொழிபெயர்ப்பாளன். அதிகாரி மரியாதையான மனிதர்.

"இந்த அம்புக்குறி யாருடைய ஆட்கள்?"

"ஒல்லாந்தர், சேர்."

"இப்போது எங்கே இருக்கிறார்கள்?"

"போய்விட்டார்கள், சேர்."

"போக விட்டது யார்?"

பதிலுக்கு நிற்காமல், பையில் படத்தோடு இருந்த அத்தியாயப் பிரதியை வாசித்துக் காட்டச் சொன்னார். வரி வரியாகச் சிங்களத்தில் சொன்னேன். உள்ளே பசி, வெளியே பீரங்கி, மதிலில் விழுந்த உடைப்பு. தேநீர் ஆறிப்போனது. நான் நிறுத்தியதும் அவர் முன்னுக்குச் சரிந்து, "ஈட்ட பஸ்ஸே?" என்றார். சிங்களத்தில் அதுதான் "பிறகு?"

உம்முடைய அளவுகோலின்படி அத்தியாயம் தேறிவிட்டது. நீர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தீர்.

அதிகாரியோ படத்தின் தலைப்பில் விரலை வைத்தார். என்ன எழுதியிருக்கிறது என்றார். சொன்னேன். உள்ளே எப்படிப் போனார்கள் என்று கேட்டது யார்? பெயரைச் சொன்னால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

ஒரு குழந்தையின் பெயர்தான். ஆனால் அந்தப் பெயருக்கு ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டில், வடக்கிலிருந்து புதிதாக வந்து, வருபவர் எல்லாரும் பொலிஸில் பதிய வேண்டிய அந்நாளில் இன்னும் பதியாத அவளுடைய அண்ணன் இருந்தான்.

"ஒருத்தரும் கேக்கேல்லை, சேர்" என்றீர். "நானாத்தான் கேட்டு நானாத்தான் கீறினனான்."

வாழ்நாள் முழுதும் பிள்ளைகள் கேட்டதை மட்டுமே எழுதியவர் சொன்ன பொய் அது. நான் அதை ஒரு சொல்லும் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

மழைக்காலம் வந்து போனபின்தான் உம்மை விட்டார்கள். வழக்கு எதுவும் இருக்கவில்லை. இதற்குள் முதலாளி அச்சுப்படிகளையெல்லாம் பின் முற்றத்தில் எரித்துவிட்டார். அந்த அத்தியாயத்துக்குக் கோத்த ஈய எழுத்துகளைப் பிரித்துக் கலியாணக் காட் அடித்தார். ஒல்லாந்தர் ஏறிய மதிலிலிருந்து இரு வீட்டார் அழைப்பு வந்தது.

வெளியே வந்ததும் நீர் கேட்ட முதல் கேள்வி, "மேல்மாடிப் பெடியன் இருக்கிறானே?"

"இல்லை" என்றேன். நீர் உள்ளே இருந்தபோதே ஒரு சுற்றிவளைப்பில் அவனைக் கொண்டுபோனார்கள். அதற்கு வரைபடம் எதுவும் தேவைப்படவில்லை. தாயும் சிறுமியும் வீட்டைப் பூட்டிவிட்டு எங்கோ போய்விட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை படிக்கட்டில் வந்து இருந்தீர். மிச்சப் பிள்ளைகள், தாய்மார் திரும்பி வரச்சொல்லிக் கூப்பிடக் கூப்பிட, வந்தார்கள். யானைக் கதையை வாசித்தீர். முடிவில் ஒரு சின்னவன் கேட்டான்: "பிறகு?"

நீர் தாளை மடித்துக்கொண்டு மேலே ஏறிப் போனீர். அதன்பின் எழுதவில்லை. உம்முடைய நெஞ்சு அதிக காலம் தாங்கவுமில்லை. மரண அறிவித்தலில் உம்மை ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், அதாவது கிளாக்கர், என்று போட்டிருந்தார்கள். பிழை திருத்தியது நான்தான். பிழையொன்றும் இருக்கவில்லை.

இன்று கிடைத்த வரைபடத்தில் வெள்ளவத்தையிலும் ஒரு சிவப்பு அம்புக்குறி இருக்கிறது. "நீங்கள் நிற்கும் இடம்" என்று மூன்று மொழியிலும் போட்டிருக்கிறார்கள். உம்முடைய கோட்டையில் என்னிடம் ஒரு தாளும் இல்லை. இருப்பது அந்தச் சிறுமியின் பெயர் மட்டும். அதை மறைக்க வேண்டிய காரணமெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. காப்பாற்ற வேண்டியவனும் இல்லை. சாவடி இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள்.

இருந்தாலும் பாரும், இந்த மடலிலும் நான் அதை எழுதவில்லை.