புடவை இல்லாத தறி

அப்பாவுக்கு,

சுகன்யா எழுதறேன், வணக்கம். உங்க முட்டி வலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்கா போடுறாங்களா? இங்க போபால்ல நான் நல்லா இருக்கேன். போன்ல பேசினா குரல் காட்டிக்குடுத்துடும்னுதான் எழுதறேன்.

நாடகத்துல எனக்கு நல்ல வேஷம். மேடையில ஒரு வெறும் தறி, நூலே கிடையாது. ஒரு மணி நேரம் நெய்துகினே இருக்கணும். காவக்காரன் ஒருத்தன் வந்து வந்து "முடிஞ்சுதா?"ன்னு கேப்பான். நான் "இதோ ஆச்சு"ன்னு சொல்லணும். அவ்வளவுதான் நாடகம்.

நேத்து நாடகத்துக்கு நடுவுல, ஆரணியில நம்ம தறியில உக்காந்த பழக்கத்துல, கை தானா நின்னு அறுந்த இழையைத் தேடி முடிச்சு போட்டுடுச்சு. ஜனங்க சிரிச்சாங்க. டைரக்டருக்குத்தான் கோபம். "முடிச்சு போட்டா அங்க புடவை இருக்குன்னு ஆயிடும். புடவையே இல்ல. வாழ்க்கையும் அப்படித்தான்"னாரு.

தறிக்கடியில பெருக்கித் தள்ளுற பட்டு நூல் ஒரு பிடி அனுப்புங்க. கை சும்மா இருக்க மாட்டேங்குது.

மேடைக்குக் கூப்பிடறாங்க. போன்ல "எப்ப ஊருக்கு வரே"ன்னு மட்டும் கேக்காதீங்கப்பா. "இதோ ஆச்சு"ன்னுதான் வாயில வருது.

சுகன்யா