மஞ்சள் கழன்று போகும் இடம்

என் ஆசைக் குகன் அண்ணா,

இன்றைக்கு உங்கள் திவசம். பாலாவித் தீர்த்தத்தில் முழுகிவிட்டு வந்து படைத்தோம். கத்தரிக்காய்க் குழம்புக்குப் பக்கத்தில் என் மடிகணினி. சிரிக்காதீர்கள், அது அம்மாவின் ஏற்பாடு.

அகதி முகாமிலிருந்து திரும்பி, எங்கள் காணியில் பற்றைக்காடு வெட்டும்போதுதானே புடையன் பாம்பு உங்களைக் கடித்தது? அந்த விஷத்திலுள்ள ஒரு புரதத்தைத்தான் நான் இப்போது பல்கலைக்கழகத்தில் ஆராய்கிறேன். அணுக்கள் ஒன்றையொன்று எப்படி இழுக்கும், தள்ளும் என்று கணினி கணக்குப் போடும். அந்தக் கணக்கை நாங்கள் அசையும் படமாக்குவோம்.

நிறமெல்லாம் நாங்கள் பூசுவது. புரதம் பச்சை. மருந்தாகக்கூடும் என்று நம்புகிற மூலக்கூறு மஞ்சள். பச்சையின் குழியை மஞ்சள் அடைத்தபடியே இருந்தால் அந்தப் புரதம் வேலை செய்யாது. சுற்றியுள்ள தண்ணீரை மறைத்துவிடுவோம், இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது. மஞ்சள் போய்ப் பச்சையின் குழிக்குள் அமர்ந்ததும் படத்தை வெட்டினோம். ஆய்வு மாநாட்டில் காட்ட அது போதுமாம். அதற்குப் பிறகு மஞ்சள் கழன்று போய்விட்டது, அண்ணா.

வெட்டிய படத்தை அம்மாவின் போனுக்கு அனுப்பியிருந்தேன். அவர் அதை ஊர் முழுக்கக் காட்டிவிட்டார். இன்றைக்குச் சாப்பிட வந்த பக்கத்துக் காணிச் செல்வம் மாமா சொல்கிறார்: "இனிப் புடையனுக்கு ஆர் பயம்? எங்கட பிள்ளை மருந்து கண்டுபிடிச்சிட்டா. வெறுங்காலோடயே பற்றை வெட்டலாம்!"

"ஐயோ மாமா, அது மருந்தில்லை" என்றேன்.

"படிச்ச பிள்ளைக்கு அடக்கம் கூட" என்று சிரித்தார். எத்தனை பேர் இன்னும் பற்றைக்குள் நிற்கிறார்கள்! மடிகணினியைத் திறந்து, வெட்டாத முழுப் படத்தையும் எல்லோருக்கும் ஓடவிட்டேன்.

மஞ்சள் அமர்ந்தது. நடுங்கியது. மெல்லக் கழன்று, திரையின் ஓரத்துக்குப் போய்விட்டது.

"திரும்பி வருமோ பிள்ளை?" என்று அம்மா கேட்டார்.

"தெரியாதம்மா. கணக்கை இன்னும் ஓட்டிப் பாக்க வேணும்."

செல்வம் மாமா கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார். "அப்ப கடிச்சால்?"

"உடன ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ. சப்பாத்தில்லாமல் காணிக்க இறங்காதேங்கோ."

எல்லோரும் போனபின் அம்மா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் உங்கள் படத்தடியில் இருந்துகொண்டு சொன்னார்: "அது மருந்தில்லை எண்டு எனக்கும் விளங்கும். ஒவ்வொரு நாளும் அதைப் போட்டுப் பாப்பன். அந்த மஞ்சள் உள்ளுக்க போய் இருக்கிற நேரம் மட்டும் குகன் தப்பிடுறான். அதையும் பறிச்சுப் போட்டியே."

நான் செய்தது சரியா அண்ணா? சரிதான். ஆனாலும் அம்மாவின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

மஞ்சள் உண்மையாகவே கழலாமல் இருக்கும் ஒருநாள் வந்தால், அந்தப் படத்தை முதலில் அம்மாவுக்குத்தான் காட்டுவேன். அதுவரை எந்தப் படத்தையும் எங்களுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்தமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் ஒரே தங்கச்சி,
வதனி