டிராகன் வாசலில் நின்ற பலகை லாரி

அன்பு மகள் ஹேவோனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அப்பாவுடைய இடுப்பு வலியும் மூன்று பேராகச் சௌக்கியம். அங்கே ஹெல்சிங்கியில் மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது என்று சொன்னாய், அன்றிலிருந்து இங்கே மூன்று மணி ஆனால் என் பிள்ளை இருட்டில் என்ன செய்கிறதோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார். இதை ஏன் போனில் சொல்லாமல் எழுதுகிறேன் என்றால், போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் நீ "அத விடும்மா, அப்பா எப்படி இருக்காரு"ன்னு பேச்சை மாற்றிவிடுவாய். கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது, முழுக்கப் படித்துத்தான் ஆகவேண்டும்.

போன மாதக் கடைசியில் கிம்ச்சி போட்டு முடித்தோம். அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே உப்பு போதாது, மிளகாய் போதாது என்று அதிகாரம் செய்தார். ஒரு முட்டைக்கோஸைக்கூடக் கழுவவில்லை. உன் பெரிய அத்தையும் வந்திருந்தாள், வந்தவள் சும்மா இருப்பாளா, கையில் ஊறிய இலையை வைத்துக்கொண்டே "பாங்யோவுல கண்ணாடிக் கட்டடத்துல கிடைச்ச வேலைய உதறிட்டு ஊர் பேர் தெரியாத எடத்துக்குப் போய் உக்காந்திருக்கா, இதுக்கா ராப்பகலா படிக்க வெச்ச"ன்னு ஆரம்பித்தாள். ஒன்றரை வருஷமாக இதையேதான் பாடுகிறாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இலைக்கு மிளகாய் தடவினேன். எனக்கே தெரியாததை நான் என்ன சொல்வது. ஏன் அந்த வேலையை விட்டாய் என்று கேட்டபோதெல்லாம் "ஒத்து வரலம்மா" என்ற ஒரே வார்த்தைதான் உன் வாயிலிருந்து வந்தது. இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது மகளே. நீ சொல்லித் தெரியவில்லை, என் லாரி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

என் தொழில்தான் உனக்குத் தெரியுமே, தேர்தல் வந்தால் வேட்பாளர் முகம், மீன் ஓட்டல் திறந்தால் மீன் படம், பாட்டுக்காரப் பையன்களுக்குப் பிறந்தநாள் என்றால் அவர்கள் முகம், எது கொடுத்தாலும் லாரி முதுகில் இருக்கும் மின்பலகையில் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றுவேன். இந்த மாதம் ஆரம்பத்தில் ஏஜென்சிக்காரன் ஆன்லைன் விளையாட்டு ஆடுகிறவர்களிடமிருந்து ஒரு வேலை பிடித்துக் கொடுத்தான். இவர்கள் கோபம் வந்தால் கூட்டமாகக் கோஷம் போட வருவதில்லை, ஒருத்தர் புசானில், ஒருத்தர் ஜேஜூவில், எல்லாரும் அவரவர் வேலையில் இருப்பவர்கள், ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பலகை லாரியை அனுப்பிக் கம்பெனி வாசலில் நிறுத்திவிடுவார்கள். சத்தம் கிடையாது, எழுத்து மட்டும் ஓடும். அன்றைக்குக் கொடுத்த எழுத்து, "கதவே இல்லாத வீட்டுக்குச் சாவி விற்றீர்கள்" என்று. எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஏதோ வீட்டுமனைத் தகராறு என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கேதான் உன் அம்மா ஒரு கூத்து செய்தாள், சிரிக்காதே. வாசலில் பெரிய டிராகன் சிலை நிற்கும் கண்ணாடிக் கட்டடம் என்று சொல்லியிருந்தார்கள். பாங்யோவில் எந்தக் கட்டடம் கண்ணாடி இல்லை, எந்த விளையாட்டுக் கம்பெனி வாசலில் டிராகன் இல்லை, நீயே சொல். ஒரு டிராகனைப் பார்த்தேன், அதற்கு நேராக நிறுத்திப் பலகையைப் போட்டுவிட்டு ஜம்மென்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கோட்டு போட்டவர்கள் வரிசையாக இறங்கி வந்து லாரிக்கு முன்னால் இடுப்பை வளைத்துக் கும்பிட்டார்கள். அவர்களில் தலைமயிர் நரைத்த ஒருத்தர் ஜன்னலைத் தட்டி "டிரைவரம்மா, எங்க பயனாளிகள் மனசு இவ்ளோ புண்பட்டிருக்குன்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சு, எந்தச் சாவின்னு மட்டும் சொல்லிடுங்க, இன்னிக்கே சரி பண்ணிடறோம்"னு கெஞ்சாத குறையாகக் கேட்டார். மத்தியானத்துக்குள் அவர்களுடைய விளையாட்டுப் பக்கத்தில் மன்னிப்பு அறிவிப்பே போட்டுவிட்டார்களாம். கடைசியில் பார்த்தால் அது வேறு கம்பெனி! நான் போகவேண்டிய டிராகன் அடுத்த தெருவில் நிற்கிறது. அங்கே போய் நிறுத்தினால், அதாவது உண்மையில் தப்பு செய்தவர்கள் வீட்டு வாசலில் போய் நிறுத்தினால், ஒரு ஈ காக்கைகூட இறங்கி வரவில்லை, ஆறாவது மாடியில் யாரோ திரையை இழுத்து மூடினார்கள், அவ்வளவுதான். வாசலில் இருந்த பேரைப் பார்த்ததும்தான் அது நீ வேலை பார்த்த கம்பெனி என்று தெரிந்தது. ஆனால் நீ வேலையை விட்டதற்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்கு அப்போது தோன்றவில்லை.

நான் கட்டடம் மாறிப் போன கதை அந்த விளையாட்டுக்காரர்கள் நடுவில் பரவி எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். அதில் ஒருத்தர் என்னைப் பார்த்தே தீருவது என்று மறுநாள் சூடாக மீன்கேக் சூப்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நாற்பது வயசிருக்கும், ஆஸ்பத்திரியில் கைகால் விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். பேரைக் கேட்டால் கூச்சத்தோடு "சோம்பேறி வாத்து"ங்கிறார். விளையாட்டில் அதுதான் அவர் பேராம், மற்றவர்களுக்கும் அந்தப் பேர் மட்டும்தான் தெரியுமாம். லாரிக்குள் ஏற்றி உட்கார வைத்துச் சூப்பைக் குடித்துக்கொண்டே, இவ்வளவு வயசான மனுஷன் பொம்மைக் கப்பல் விடுகிற விளையாட்டுக்கு ஏன் லாரி அனுப்புகிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "விளையாட்டு எலவசம்தாங்க. உள்ள போன பிறகுதான் ஒண்ணொண்ணா வெல சொல்லுவான். கப்பலுக்குப் பாய் வேணுமா, பெட்டியத் தொற. பெட்டியத் தொறக்கணுமா, சாவி வாங்கு. தொறந்தா மூணு முத்திரை விழும், மூணும் தங்கக் கொக்கா விழுந்தாத்தான் அந்தப் பாய் கெடைக்கும். ஒருநாள் வரலன்னா வரிசையில பின்னாடி தள்ளிடுவான், இன்னும் ரெண்டு நாள்தான் இந்தச் சாவி விற்பனைன்னு மணி அடிச்சிட்டே இருப்பான்"னு சொன்னார். அப்படியானால் விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்றேன். "என் சிநேகிதங்க எல்லாம் அங்கதான இருக்காங்க. மகளுக்கு ஆபரேஷன் நடந்தப்ப விடிய விடிய எங்கூட முழிச்சிட்டு இருந்தவங்க அவங்க. குடியிருக்கற வீட்ல திருடன் பூந்தா திருடனத்தான வெரட்டணும், நான் ஏன் வீட்டக் காலி பண்ணணும்"னார். நான் அவர் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் சூப்பை ஊற்றினேன்.

பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. ஆயிரக்கணக்கான பேர் திறந்த பெட்டியை ஒன்றாகக் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள், ஒருத்தருக்கும் மூன்று தங்கக் கொக்கு விழுந்ததே இல்லை. விழவே விழாதபடி கம்பெனிக்காரன் உள்ளே பூட்டி வைத்துவிட்டுச் சாவியை மட்டும் விற்றுக்கொண்டே இருந்திருக்கிறான். நம் மோரான் சந்தை முக்கில் இருந்த பொம்மை பிடிக்கும் மிஷினில் கொக்கியின் விரலை நட்டு கழற்றித் தொங்கவிட்டிருந்தானே ஒருத்தன், அதே வேலை. கம்பெனியைக் கேட்டு எழுதினால் எல்லாருக்கும் ஒரே பதில், "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி" என்று. ஒருத்தர் மட்டும்தான் வேறு மாதிரி எழுதினாராம். பதில் எழுதும் வேலையில் இருந்த ஒரு பெண். அவள் எழுதியதை வாத்து தன் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறார், எனக்குக் காட்டினார். "இனிமே சாவி வாங்காதீங்க. அது வராது. சாப்பிட்டுட்டுத் தூங்குங்க." கீழே கையெழுத்து, பயறு.

உன்னைப் பயறு என்று கூப்பிடுகிறவர்கள் இந்த உலகத்தில் நானும் அப்பாவும்தான். மாசம் ஆகாமல் பிறந்து உள்ளங்கையில் பச்சைப்பயறு மாதிரி கிடந்தாய் என்று அப்பா வைத்த பேர். அதை நீ வேலையில் உன் பேராக வைத்துக்கொண்டிருந்தாய் என்று எனக்கு எப்படித் தெரியும். சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். வாத்து பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். "அடுத்த நாளே அவங்களக் காணோம். உள்ள இருந்து கசிஞ்ச பேச்சு, மீட்டிங்ல எழுந்து நின்னு இது மோசடின்னு சொன்னாங்களாம், அப்புறம் அவங்களே போயிட்டாங்களாம். போறப்ப வாயத் தொறக்க மாட்டேன்னு கையெழுத்து வாங்கிருப்பாங்க. பயறுக்கு எங்களால ஒரு நன்றிகூடச் சொல்ல முடியல"ன்னு அந்த மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரசாங்கத்து வணிக ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறார்களாம், கம்பெனி அது கம்ப்யூட்டர் கோளாறு, உள்ளே யாருக்கும் தெரியாது என்று சாதிக்கிறதாம். உள்ளே இருந்த ஒருத்தர் வந்து தெரியும் என்று சொன்னால் போதும், இல்லாவிட்டால் புது வருஷத்தோடு புகாரை மூடிவிடுவார்களாம். அவள் என் பொண்ணுதான்யா, என் வயிற்றில் பிறந்தவள்தான் என்று கத்தவேண்டும் போல எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அதைச் சொல்லவேண்டியவள் நீ, நான் இல்லை. எனக்கு இவ்வளவு நேரம் வாயைக் கட்டத் தெரியும் என்று உன் அப்பாவே நம்பவில்லை.

அப்பாவிடம் சொன்னபோது அவர் எழுந்துபோய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, இடுப்பு வலிக்கிறது என்று குப்பைகூடக் கொட்டாதவர், நேராக மாவட்ட அலுவலகத்து இலவச வக்கீலிடம் போய் நின்றிருக்கிறார். ஆணையத்திடம் உண்மையைச் சொல்வதற்கு அந்தக் கையெழுத்து பெரிய தடையாக இருக்காது என்றுதான் தோன்றுகிறது, ஆனாலும் காகிதத்தைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்லமாட்டேன் என்றாராம் வக்கீல். அவர் நம்பரைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன்.

இந்த வாரம் எழுத்தை மாற்றிவிட்டார்கள். கம்பெனியைத் திட்டும் வரி ஒன்றும் இல்லை. "பயறு, எங்கே இருந்தாலும், சாப்பிட்டாச்சா?" அவ்வளவுதான். அதை என் முதுகில் ஏற்றிக்கொண்டு அந்தத் தெருவை நாள் முழுக்கச் சுற்றினேன் ஹேவோன். எதிரே இருக்கிற கண்ணாடிச் சுவரெல்லாம் உன் பேர் ஓடுகிறது. எத்தனை வேட்பாளர் பேரை ஓட்டியிருக்கிறேன், ஒரு தடவைகூட இப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓட்டியதில்லை. வண்டியைத் திருப்பிவிடும் சாக்கில் பெரிய அத்தை குடியிருப்பு வாசல் வழியாகவும் ஒரு சுற்று போனேன், டீசல் என் செலவு. அவள் மாடியிலிருந்து பார்த்துவிட்டுப் போன் போட்டு "யாருடி அந்தப் பயறு, ஊரே சாப்பிட்டாச்சான்னு கேக்குது, பெத்தவ குடுத்து வெச்சவ"ன்னாள். ஆமாம் அண்ணி, குடுத்து வெச்சவதான் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நேற்று சாயங்காலம் அந்தக் கட்டடத்திலிருந்து முதல் தடவையாக ஒருத்தி இறங்கி வந்தாள். உன்னைவிட நாலைந்து வயசு மூத்தவளாக இருப்பாள், கழுத்தில் கம்பெனி அட்டை. சூடான காப்பி டப்பாவை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "பயறு எழுந்து நின்னு பேசினப்ப நான் அவ பக்கத்து நாற்காலிலதான் இருந்தேன். நான் எழுந்திருக்கல. லாரி அனுப்பினவங்ககிட்ட சொல்லிடுங்க, அவ வந்து பேசினா ரெண்டாவது ஆளா நான் பேசறேன். முதல் ஆளா எனக்குத் தைரியம் இல்ல"ன்னு சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். வாத்திடம் சொல்லிவிட்டேன், உன்னிடமும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நீ தனியாக நின்றாய், பயந்திருப்பாய், வீட்டுக்கு வந்து எங்களிடம்கூட மூச்சு விடவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. இனிமேல் நீ நின்றால் தனியாக நிற்கமாட்டாய்.

வா என்று நான் சொல்லமாட்டேன், வராதே என்றும் சொல்லமாட்டேன். பேசாமல் அங்கேயே இருந்தாலும் நீ செய்தது செய்ததுதான், என் தலை இனிக் குனியாது. வருவதாக இருந்தால் தேதியை மட்டும் எழுது. இஞ்சியோன் விமான நிலையத்தில் டாக்சி பிடிக்காதே, நான் பலகை லாரியில் வந்து நிற்பேன். அன்றைக்குப் பயறு என்று போடமாட்டேன். அந்த விளையாட்டுக்காரர்கள் எல்லாரும் முகத்தை மறைத்து வாத்தாகவும் மீனாகவும் இருக்கட்டும், பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பியோ ஹேவோன் என்று நாங்கள் வைத்த முழுப்பேரைப் போட்டுக்கொண்டு, விளக்கைக் கண் கூசுகிற அளவுக்கு ஏற்றி வைத்துக்கொண்டு நிற்பேன். யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும்.

கிம்ச்சிப் பார்சல் தனியாக வருகிறது, வந்ததும் டப்பாவை மாற்று, பொங்கி வழியும். கால் விரல் சில்லிடாமல் இரட்டைக் காலுறை போட்டுக்கொள். உனக்கு நீண்ட ஆயுசும், நிம்மதியான தூக்கமும், பயமில்லாத வாயும் கிடைக்க அப்பாவும் நானும் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறோம்.

இப்படிக்கு,
பயறைப் பெற்றவள்,
பாங் ஜம்சுக்