உலைக்குள் இறங்கியவனுக்கு

இன்று காலை ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு டப்பா வந்தது. செயலிழந்த கேட்டலிஸ்ட், வினையூக்கி. ஏன் செயலிழந்தது என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். மூடியைத் திறந்தேன். மிளகு அளவில் கறுத்த உருண்டைகள். எண்ணெய் கருகிய வாசனை, அதற்கடியில் லேசான கந்தக நெடி. நீ முதல் விடுப்பில் வந்தபோது உன் பையிலிருந்து அடித்த அதே நெடி. உன் மனைவி அமுதா எத்தனை துவைத்தும் உன் சட்டைகளை விட்டு அது போகவில்லை. டப்பாவை மூடினேன். இத்தனை வருஷம் கழித்தும் கோபம் கொஞ்சமும் ஆறவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

தஞ்சாவூரில் நாம் வேதியியல் படித்த வகுப்பில் என்னைவிட நீதான் எப்போதும் மார்க் அதிகம் எடுத்தாய். தரங்கம்பாடியிலிருந்து வந்த நான் மேலே படித்தேன். வேதாரண்யத்துக்காரன் உனக்கு அந்த வருஷம் புயலில் அப்பாவின் படகு போயிற்று. ஊரெல்லாம் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருந்த காலம். வளைகுடாவில் டெக்னீஷியன் வேலை என்று ஏஜென்ட் சொன்னார். கெமிஸ்ட்ரி படித்தவன் என்பதால் லேபில் உட்கார வைப்பார்கள் என்று நம்பிப் போனாய். உன் கையில் மண்வாரியைக் கொடுத்தார்கள்.

இரண்டாம் விடுப்பில் வந்தபோது உப்பளத்து வரப்பில் உட்கார்ந்து கேட்டாய்: "இன்னும் அந்த லேப்ல என்னதான்டா பண்ற?"

சொன்னேன். பிளாட்டினத்தைச் சில பத்து அணுக்களே சேர்ந்த சின்னச் சின்னக் கொத்துகளாக அலுமினா உருண்டைகள் மேல் தூவி வைக்கிறோம். ரோட்டில் நெல்லை மெல்லிசாகப் பரப்பினால் எல்லா மணிக்கும் வெயில் படும். குவித்துவிட்டால் உள்ளே கிடப்பது ஈரமாகவே கிடக்கும். அதுபோலத்தான், கொத்து பெருக்கப் பெருக்க உள்ளே புதைந்த அணுவுக்கு வேலை இல்லை.

"அது மட்டும் இல்லடா. அவ்வளவு சின்ன அளவுல நாலு அணு கூடினாலும் குறைஞ்சாலும் உலோகத்தோட குணமே மாறிடுது. நல்லா வேலை செஞ்சது மந்தமாயிடுது. ஆலைச் சூட்டுல கொத்தெல்லாம் நகந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பெருத்துடும். அதைத் தடுக்கத்தான் பாக்குறோம்."

நீ சிரித்தாய். "நீ அது பெருக்காம பாத்துக்கிற. பெருத்துப் போனதை நான்தான் மாப்ள உள்ள இறங்கி அள்ளுறேன்."

அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சரக்கு காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும் என்று உலை முழுக்க நைட்ரஜன் நிரப்பிவிடுவார்கள். மூச்சுவிடக் காற்றில்லாத அதற்குள் மனிதனை இறக்குவார்கள். ஹெல்மெட்டுக்கு ஓஸ் குழாய் வழியாகக் காற்று வரும்.

"ஹெல்மெட்டைப் பின்பக்கமா பூட்டிடுவாங்க. நானே நெனச்சாலும் கழட்ட முடியாது. மேல ஒருத்தன் ஓஸைப் பாத்துக்கிட்டே நிக்கணும். ஆள் பத்தலேன்னா அவனையும் வேற வேலைக்கு இழுத்துடுவாங்க."

"நீ கேக்க மாட்டியா?"

"பாத்துக்கலாம், விடுறா."

அந்த 'விடுறா'வை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த வருஷம் திருச்சி விமான நிலையத்தில் உன்னை வைத்திருந்த பெட்டியை வாங்கினோம். காரியம் முடிந்த மறுநாள் ஏஜென்ட் வீட்டுக்கு வந்தார். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு அமுதாவிடம் சொன்னார்: "அவரே ஹெல்மெட்டைக் கழட்டிட்டாராம்மா. உள்ள புழுக்கமா இருந்திருக்கும்."

அமுதா என்னைப் பார்த்தாள். "அண்ணே, கழட்டுவாரா?"

"பூட்டினதை எப்படிங்க கழட்டுவாரு?" என்று அவரிடம் கேட்டேன். "ஓஸ்ல காத்து நின்னிருக்கு. பாக்க வேண்டியவன் மேல இல்ல. அதைச் சொல்லுங்க."

"தம்பி, நீங்க காலேஜ்ல இருக்கிறவரு. அங்க என்ன எழுதுறாங்களோ அதுதான்."

அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். என் கையைப் பற்றி விலக்கியது உங்கப்பா. "விடுங்க தம்பி. எங்க சின்னவனுக்கும் இவருதான் விசா எடுக்குறாரு." சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அமுதா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளும் நானும் அப்புறம் கலெக்டர் ஆபீசுக்கு அலைந்ததெல்லாம் வீண். தப்பு உன் மேல்தான் என்றே கடைசிவரை நின்றது.

கருத்தரங்குகளில் இப்போதும் படம் காட்டுவார்கள்: புதிதில் பொட்டுப் பொட்டாய்ப் பிளாட்டினம், பிறகு திட்டுத் திட்டாய். 'இந்த நிலையில் கேட்டலிஸ்ட் மாற்றப்படும்' என்று ஒரு வரி வரும். ஒருமுறை எழுந்து, "யார் மாற்றுவார்கள்?" என்று கேட்டேன். பேசியவருக்குக் கேள்வியே புரியவில்லை. "ஒப்பந்தக்காரர்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். சபையில் யாரோ சிரித்தார்கள்.

உன் தம்பி சின்னவனும் அதே வேலைக்குத்தான் போனான். புறப்பட்ட அன்று அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "இறங்கறதுக்கு முந்தின நாள் எனக்கு ஃபோன் பண்ணு. மேல நிக்கிறவன் யாருன்னு சொல்லு." பண்ணினான். ஒவ்வொரு முறையும் ஒரு பெயர் சொல்வான். ஏதோ நேபாளிப் பெயர், ஏதோ ஆந்திரப் பெயர். அவர்களை நான் பார்த்ததில்லை. எனக்குப் பெயர் போதும்.

பிறகு ஒரு நாள், "மேல யாரையும் போடலண்ணே. நாளைக்கு இறங்கச் சொல்றாங்க" என்றான்.

"இறங்காத."

"இறங்கலேன்னா ஊருக்கு அனுப்பிடுவாங்கண்ணே."

"அனுப்பட்டும். வா."

அனுப்பிவிட்டார்கள். வீட்டில் விசாக் கடன் அப்படியே நின்றது. உன் தம்பி இப்போது பட்டுக்கோட்டையில் லாரிக்குத் தேங்காய் ஏற்றுகிறான். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. உங்கப்பா என்னை உங்கள் ஊர்த் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். 'பொழப்பைக் கெடுத்த பாவி' என்று அவர் சொன்னது என் காதுக்கும் வந்தது.

சொல்லிக்கொள்ளட்டும்.