குரூப் போட்டோவில் என் மூக்கு

9 ஜனவரி 1938, ஞாயிறு

காலையில் கோவிந்தராஜன் வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவன் வீடு தேடி வருகிறான் என்றால் ஏதாவது காரியம் இருக்கும், இல்லாவிட்டால் அவன் வீட்டில் காப்பிப்பொடி தீர்ந்திருக்கும். இவனுக்கு இரண்டும். இரண்டு தம்ளர் உள்ளே போன பிறகு விஷயத்துக்கு வந்தான்.

வேதாசலம் செகந்தராபாத்தை விட்டுப் போகிறானாம். இனி மதராஸ் ஹைகோர்ட்டில்தான் வக்கீல் தொழிலாம். எங்களோடு ஆறாம் பாரம் படித்தவர்களில் ஊரில் மிச்சமிருப்பவர்கள் சேர்ந்து முப்பதாம் தேதி மத்தியானம் அவனுக்கு விருந்து வைக்கிறார்கள், அய்யாக்கண்ணுவின் சோடா பாக்டரி முற்றத்தில். அங்கே நான் எழுந்து நின்று ஒவ்வொருவனைப் பற்றியும் வேடிக்கையாக நாலு வார்த்தை பேச வேண்டுமாம்.

"ஏன், நான்தான் கிடைச்சேனா?"

"நம்ம வகுப்புலேயே உன் நாக்குதாண்டா கூர். எல்லாருக்கும் பட்டப்பேர் வெச்சவன் நீதானே, சாரங்கா?"

"வேதாசலத்தோட நான் பேசறதில்லைன்னு ஊருக்கே தெரியும்."

"அவனோட யாரு பேசச் சொன்னா? அவனைப் பத்திப் பேசு."

முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அவன் தெருமுனை திரும்புவதற்குள் மனசு மாறிவிட்டது. இருபத்தாறு வருஷமாக நான் சொல்ல நினைத்ததை, இலை போட்டு, எழுந்து ஓட முடியாதபடி ஆளை உட்கார வைத்து, சொல்லு என்கிறார்கள். விடுவேனா? மகள் பாமாவை ஓடவிட்டு, சரி என்று சொல்லச் சொன்னேன்.

10 ஜனவரி

ஹெட் கிளார்க் வேலை இந்தத் தடவையும் எனக்கில்லை. என்னைவிட எட்டு வயது சின்னவனுக்குப் போயிற்று. பின்னாலிருந்து யாரோ மெதுவாக, "ரெட்டை மூக்குக்கு இப்பவும் பட்டை நாமமா?" பள்ளிக்கூடத்தில் ஒட்டிய பெயர் ரயில்வே ஆபீஸ் வரைக்கும் கூடவே வந்திருக்கிறது. இப்படிப் பெயர் உள்ளவனை எவன் நாற்காலியில் உட்கார வைப்பான்? இதற்குக் காரணமானவனுக்குத்தான் முப்பதாம் தேதி வடை, பாயசம்.

12 ஜனவரி

பெட்டியின் அடியிலிருந்து குரூப் போட்டோவை எடுத்துத் துடைத்தேன். 1912, ஆறாம் பாரம்.

அந்தக் காலத்துக் காமிரா. காதர் மியான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்து, வெளியே வந்து, "ஹிலோ நக்கோ! ஹிலோ நக்கோ!", அசையாதே அசையாதே என்று கத்தி, மூடியைத் திறந்து எண்ணுவான். அவன் மூடுகிற வரை மூச்சுக்கூட விடக் கூடாது, அசைந்தால் படத்தில் கலங்கிவிடும். மூடியைத் திறந்தான். என் விலாவில் யாரோ நறுக்கென்று கிள்ளினார்கள். முகத்தைத் திருப்பினேன். அவ்வளவுதான். ஒரே ஒரு பிளேட். இன்னொன்றுக்கு ஹெட்மாஸ்டர் சம்மதிக்கவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் ஒரு மூக்கு, எனக்கு மட்டும் இரண்டு.

போகட்டும். வரிசையாகப் பார்த்து எழுதினால்தான் பேச வரும்.

பின் வரிசையில் பனைமரம் மாதிரி நிற்பவன் அய்யாக்கண்ணு. ஆறாம் பாரத்தில் அது அவனுக்கு மூன்றாவது வருஷம். மீசை வேறு. இன்ஸ்பெக்டர் துரை வந்தபோது இவனைத்தான் வாத்தியார் என்று நினைத்துக் கை குலுக்கினார். இவனும் விடாமல் குலுக்கி, பையன்கள் பரவாயில்லை, கணக்குதான் கொஞ்சம் மட்டம் என்று சொல்லிவிட்டான். அவனுடைய கணக்கைத்தான் சொன்னான். இப்போது சோடா பாக்டரி முதலாளி. பரீட்சையில் தேறிய நாங்கள் எல்லாம் அவன் கடையில் கலர் வாங்கிக் குடிக்கிறோம்.

முன் வரிசையில், வகுப்பின் பெயர் எழுதிய சிலேட்டைப் பிடித்திருப்பவன் கோவிந்தராஜன். சிலேட்டைப் பிடிப்பவனை யாரும் மறைக்க முடியாது என்று தெரிந்துதான் பிடித்தான். நாலு பேர் மாங்காய் அடிக்கக் கிளம்பினாலும் கமிட்டி போடுவான். கமிட்டி பேசி முடிப்பதற்குள் தோட்டக்காரன் வந்துவிடுவான்.

அவன் பக்கத்தில் லட்சுமணன். பூகோளப் புத்தகம் முழுவதும் மனப்பாடம். நடுவில் நிறுத்தினால் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பான். இன்றைக்கும் அப்படித்தான். குழந்தைகள் சௌக்கியமா என்று கேட்டால் மூத்தவளிலிருந்து தொடங்குவான். குறுக்கே தும்மிவிட்டால் மறுபடி மூத்தவள். உலகத்து நதிகள் எல்லாம் தெரிந்தவன், போன மாதம் பேகம்பேட்டிலிருந்து வீட்டுக்கு வர வழி தெரியாமல் ஹுசேன் சாகரை முழுக்கச் சுற்றி வந்தான்.

எழுத எழுத எனக்கே சிரிப்பு வருகிறது. சிரிக்கக் கூடாது. நான் கோபமாக இருக்கிறேன்.

16 ஜனவரி, ஞாயிறு

எனக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவன் ஜேம்ஸ். இப்போது லாலாகுடா பணிமனையில் ஃபோர்மன், சர்ச்சில் ஆர்மோனியம். படத்தில் அவன் முகத்தைப் பார்த்தால் மெழுகுவர்த்தி ஏற்றி வைக்கலாம். வகுப்பில் என்னை ரெட்டை மூக்கு என்று ஒரு தடவைகூடக் கூப்பிடாத ஒரே ஆள். கிறிஸ்துமஸ் தவறாமல் கேக் கொண்டு வருகிறான். மனுஷன்.

இன்னொருவன் வேதாசலம். மூன்று வருஷம் என்னோடு ஒரே பெஞ்சு. என் அப்பளத்தை அவன் எடுப்பான், அவன் வடையை நான் எடுப்பேன், கேட்டுக்கொள்வதில்லை. படத்தில் அவன் முகம் தெளிவாக இருக்கிறது. வலது கை மட்டும் புகை மாதிரி கலங்கியிருக்கிறது. வேறு சாட்சி வேண்டுமா? கோர்ட்டில் இவன் இதைவிடக் கம்மியான சாட்சியை வைத்துக்கொண்டு ஆட்களை உள்ளே தள்ளியிருக்கிறான்.

மறுநாள் காலையிலேயே அவனிடம் சொல்லிவிட்டேன், இனி உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று. முழிக்கவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு.

ராஜம் காப்பி கொண்டுவந்தவள் படத்தைப் பார்த்துவிட்டாள். எங்கள் கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளைப் படம் என்று ஆம்பூருக்குப் போனதும் இதுதான். என்னிடம் வேறு படம் கிடையாது.

"பையனுக்கு ஏதாவது வலிப்பு இருக்கான்னு எங்கப்பா கேட்டார்" என்றாள். "ரெண்டு மூக்குல எது நிஜம்னு பாக்கலாம்னுதான் நான் சரின்னேன்."

"இது சிரிக்கிற விஷயமில்லை."

"பத்தொன்பது வருஷமா நான் வேற எதுக்குச் சிரிச்சேன்னு நெனச்சீங்க?"

19 ஜனவரி

வேதாசலத்துக்கான பகுதி ஒரு பக்கம் வந்துவிட்டது. நன்றாக வந்திருக்கிறது. குத்தினால் ரத்தம் வரும்.

23 ஜனவரி, ஞாயிறு

ராஜத்துக்கும் பாமாவுக்கும் பேச்சைப் படித்துக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் துரை கை குலுக்கிய இடத்தில் பாமா பாயில் உருண்டாள். கடைசிப் பகுதி வந்தது. "முன்னால் சிரிப்பு, முதுகுக்குப் பின்னால் கிள்ளு, இதற்குப் பெயர் சிலருக்கு சிநேகம், சிலருக்கு வக்கீல் தொழில்" என்று தொடங்கி ஒரு பக்கம். படித்து நிமிர்ந்தால் பாமா எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"நக்கோ அப்பா" என்றாள் பாமா. இந்த ஊரிலேயே வளர்ந்த பெண்ணுக்குத் தமிழில் 'வேண்டாம்' வராது, ஊர் உருதுதான் வரும். "இது ஒண்ணு மட்டும் நக்கோ."

ராஜம் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அவரு ஊரை விட்டே போறாரு. அத்தனை பேர் முன்னால இதைச் சொல்லிட்டா அப்புறம் திருப்பி எடுக்க முடியாது. நல்லா யோசிச்சுக்குங்க. அவரும் போயிட்டா, அப்புறம் யாரு மேல கோவப்படுவீங்க?"

என்ன கேள்வி இது? கோபப்பட ஆளா கிடைக்காது? ஆபீஸ் முழுக்க இருக்கிறார்கள்.

ஆனால் ஆபீஸ்காரன் ஒருத்தன் மேலேயும் எனக்கு இந்த மாதிரிக் கோபம் வரவில்லை. அதுவும் உண்மை.

27 ஜனவரி

மோண்டா மார்க்கெட்டில் வேதாசலம். அவன் கத்திரிக்காய்ப் பக்கம் திரும்பினான், நான் பூசணிக்காய்ப் பக்கம். இத்தனை வருஷப் பழக்கம், கண் தானாகத் திரும்பிக்கொள்கிறது. தலை நரைத்துவிட்டது அவனுக்கு. கிட்டத்தில் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

பூசணிக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன். ராஜம் சொன்னது கத்திரிக்காய்.

31 ஜனவரி

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். எங்கே ஆரம்பிப்பது? லட்சுமணன் மாதிரி ஆகிவிட்டேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் பேசச் சொன்னார்கள். இலைகள் போட்டாயிற்று. அய்யாக்கண்ணு கதைக்கு அய்யாக்கண்ணுவே சத்தமாகச் சிரித்தான். கோவிந்தராஜன், "கமிட்டி இதைக் கண்டிக்கிறது" என்றான். லட்சுமணனைப் பற்றிச் சொல்லும்போது யாரோ தும்ம, எல்லோரும் ஒரே குரலில் "மூத்தவ!" என்று கத்தினார்கள். இப்படிக் கைதட்டல் என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்ததில்லை. ஜேம்ஸைப் பற்றி உருகி உருகிச் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று நினைத்தேன்.

கடைசிப் பக்கம். வேதாசலம் நேர் எதிரே. 

"என் முகத்துக்கு இன்னொரு மூக்கு கொடுத்த மகானைப் பற்றி..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை போகவில்லை. ஜேம்ஸ் எழுந்து நின்றுவிட்டான்.

"சாரங்கா, போதும்டா. அது நான்டா."

"எது நீ?"

"கிள்ளினது. அய்யாக்கண்ணு பந்தயம் கட்டினான். மூடியைத் திறந்தப்புறம் கிள்ளணும்னு."

"நான் சும்மாதாண்டா சொன்னேன்!" என்கிறான் அய்யாக்கண்ணு. "இவன் இப்படி பைபிளும் கையுமா இருக்கிறவன், செய்வான்னு யாருக்குத் தெரியும்?"

நான் வேதாசலத்தைப் பார்த்தேன். மார்க்கெட்டில் போல அவன் கண் திரும்பவில்லை.

"அப்ப உன் கை? படத்துல உன் கை கலங்கியிருக்கே?"

"இவன் கை உன் முதுகுக்குப் பின்னால மறைஞ்சு போறதைப் பாத்தேன். தட்டிவிடலாம்னு பாய்ஞ்சேன். எட்டலை."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா!"

"எங்கே சொல்லவிட்ட? மறுநாள் காலையில வந்த, முழிக்க மாட்டேன்னு ஒரே மூச்சில சொன்ன, போயிட்ட. ஹெட்மாஸ்டர் வேற யாருன்னு தேடிக்கிட்டிருந்தார். ஜேம்ஸுக்கு மிஷன்தான் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டிக்கிட்டிருந்தது. பேர் வெளிய வந்தா நிறுத்திடுவாங்க. பரீட்சை முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சப்புறம்," கையை விரித்தான், "எனக்கும் கோவம் வந்துடுச்சு. என்னைப் போய் சந்தேகப்பட்டியேன்னு."

ஜேம்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டான். "உனக்கு எப்பவோ தெரியும்னு நெனச்சேண்டா. நீங்க ரெண்டு பேரும் பேசிக்காதது வேற ஏதோ சண்டைன்னு இருந்துட்டேன். இல்லேன்னா வருஷா வருஷம் எதுக்குக் கேக் கொண்டுவர்றேன்?"

கேக்! என்மேல் மரியாதை வைத்திருக்கும் ஒரே மனிதன் என்று நினைத்து, இத்தனை வருஷமாக அந்த அபராதத்தைத் தின்றிருக்கிறேன்.

"மீதியைப் படிடா" என்றான் வேதாசலம்.

"மீதி இல்லை" என்றேன். தாளை மடித்துப் பையில் வைத்தேன். உட்கார இடம் தேடினேன். அவன் தன் பக்கத்து இலையைக் காட்டினான். உட்கார்ந்தேன்.  சாம்பார் வந்தது, ரசம் வந்தது. ரசத்துக்கு நடுவில் என் இலையிலிருந்து அப்பளத்தை எடுத்து நொறுக்கிக்கொண்டான். கேட்கவில்லை. நானும் அவன் வடையை எடுத்துக்கொண்டேன்.

வெயில் தாழ்ந்ததும் கோவிந்தராஜன் ஏற்பாடு: குரூப் போட்டோ. அதே காதர் மியான், அதே காமிரா, அதே கறுப்புத் துணி. தாடி மட்டும் வெளுத்துவிட்டது. என்னைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆப்பிச் ஹிலே தே நா, சாப்?" என்றான். அன்றைக்கு அசைந்தது நீங்கள்தானே என்கிறான்! ஊரே ஞாபகம் வைத்திருக்கிறது. இந்தத் தடவை என்னைப் பின் வரிசையில், வேதாசலத்துக்கு நேர் பின்னால் நிற்க வைத்தான்.

2 பிப்ரவரி

ஸ்டேஷனுக்குப் போனேன். மூட்டை முடிச்சு, மனைவி, கூஜா. "மதராஸ் வந்தா நம்ம வீட்டுலதான் இறங்கணும்" என்றான். "பாக்கலாம்" என்றேன். ரயில் நகர்ந்தபோது ஜன்னலில் அவன் கை மட்டும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து ராஜத்திடம் சொன்னேன், இனிமேல் ஜேம்ஸோடு பேசுவதில்லை என்று. "கேக்கு?" என்றாள். அது டிசம்பரில்தானே. அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

11 பிப்ரவரி

குரூப் போட்டோ வந்துவிட்டது. நன்றாக விழுந்திருக்கிறது. அய்யாக்கண்ணுவின் தொப்பை முன் வரிசைக்கு வந்துவிட்டது. சிலேட்டு கோவிந்தராஜன் கையில்தான். எனக்கு மூக்கு ஒன்று.

ராஜம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது யாருங்க, பாவம், ரெண்டு மூக்கோட?"

"வேதாசலம்."

"அடடா. ஆடிட்டாரா?"

"ஆடிட்டான்."

பாமா படத்தை அவளிடமிருந்து வாங்கி மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தாள். "அப்பா, உங்க வலது கை ஏன் புகை மாதிரி இருக்கு?"

கொசு என்று சொல்லியிருக்கிறேன். ஒரு பிரதி மதராஸுக்குப் போக வேண்டும். சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு அனுப்பச் சொன்னேன். சுவரில் மாட்டாமல் தப்பிக்க முடியாது அவனால்.