தானாக மறையும் வேலைகள்

மார்ச் 3

அன்புள்ள அப்பா,

நலம்தானே? கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறீர்களா? "விடுறேன், விடுறேன்" என்பீர்கள், தெரியும்.

நான் வடிவமைத்த வேலைப்பட்டியல் செயலியில் புது மாற்றம் வந்திருக்கும், பாருங்கள். முடித்த வேலையை விரலால் தள்ளினால் டப்பா மூடும் சத்தம் கேட்கும். வரி மடிந்து மறையும். அந்தச் சத்தம் நீங்கள் சொன்ன யோசனைதான். இன்னொன்று என் யோசனை: மூன்று மாதமாகத் தொடாத வேலைகள் தானாகவே போய்விடும். திறந்ததும் மனசு லேசாக வேண்டாமா? மேலாளர் ஓகோவென்று புகழ்ந்தார். உங்கள் திரைதான் குப்பைக்கூடையாகக் கிடந்தது!

உங்கள்
குருவி

மார்ச் 9

அன்புக் குருவிக்கு,

சத்தம் கச்சிதம். பழைய மெக்கானிக்கின் காது சொல்கிறது, நம்பு.

திரையும் சுத்தமாகிவிட்டது. அம்மா எனக்காக அதில் எழுதிவைத்த வேலைகளும் போய்விட்டன. "அந்தக் கிழிஞ்ச பனியனைத் தூக்கிப் போடுங்க." "பக்கத்து வீட்டு ஏணியைத் திருப்பிக் குடுங்க, மானம் போகுது." ஏணியை எப்போதோ கொடுத்துவிட்டேன். தள்ளினால் மறைந்துவிடுமே என்று அப்படியே வைத்திருந்தேன். அவள் கண்ணை மூடியதிலிருந்து காலையில் எழுந்ததும் அதைத்தான் படிப்பேன். உன்னிடம் சொல்லாதது என் தப்பு.

திரும்ப எடுக்க முடியுமா, கண்ணு?

அப்பா

மார்ச் 15

அப்பா,

முடியாது. "மீட்டெடுக்கவா என்று கேட்டு யாரையும் நச்சரிக்கக் கூடாது, போனது போனதாக இருக்கட்டும்" என்று அலுவலகத்தில் சண்டை போட்டு ஜெயித்ததே நான்தான். சர்வரைக் கவனிப்பவரிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "நீங்க சொன்னபடிதாங்க சுத்தமா துடைச்சோம்" என்றார்.

அம்மா எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்திருக்கலாம். படிக்காமலே குப்பை என்றேன். என்னை மன்னித்துவிடுங்கள் அப்பா.

உங்கள் போனில் இனி எதுவும் தானாக மறையாது. நினைவிருப்பதை நீங்களே எழுதிவைக்கிறீர்களா?

குருவி

மார்ச் 24

கண்ணு,

அழாதே. நீ சொன்னபடி உட்கார்ந்து எழுதினேன். எல்லாமே நினைவிருக்கிறது. ஆனால் அவள் திட்டினால் சிரிப்பு வரும். என்னை நானே திட்டிக்கொண்டால் எரிச்சல்தான் வருகிறது. ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டேன். டப்பா நன்றாகத்தான் மூடுகிறது.

அந்தக் கிழிந்த பனியனைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். முதுகுப்பக்கம் இன்னும் கிழிந்திருக்கிறது. நீயாவது நாலு வார்த்தை திட்டி எழுது.

அப்பா