உன் ரேமும் என் ரேமும்

ஸ்ட்ராபெரி வாசனை அடிக்கும் அந்த ரப்பர் இன்று மேசை இழுப்பறையில் கிடைத்தது. எழுதியதை அழிக்க நீ வாங்கியதல்ல அது. கம்ப்யூட்டருக்குள் சொருகும் ரேம் அட்டையின் பொன்னிற ஓரத்தைத் துடைப்பதற்காக வாங்கியது. கம்ப்யூட்டர் 'பீப் பீப்' என்று கத்திக்கொண்டு நின்றுபோனால் நீதான் மூடியைக் கழற்றுவாய். இரண்டு ரேமையும் பிடுங்கி, ரப்பரால் தேய்த்து, ஊதி, திரும்பச் சொருகுவாய். மூக்கருகே வைத்துப் பார்த்தேன். வாசனை போகவே இல்லை. எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது.

இந்த வீட்டுக்கு மூத்த மருமகள் நான். கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் வேலையை மூலக்குளம் ஸ்டுடியோவிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான். கம்ப்யூட்டர் என்னுடையது. அதிலிருந்த ஒற்றை ரேமும் என்னுடையது. நீ என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தாய். என் பக்கத்தில் உட்கார்ந்து வேலையைக் கற்றுக்கொண்டு, என்னைவிட வேகமாகப் பக்கங்களைப் போட ஆரம்பித்தாய்.

உன் தலைப்பொங்கலுக்கு உன் அண்ணன் வரிசை கொண்டுவந்தாரே, நினைவிருக்கிறதா? கரும்பு, மஞ்சள்கொத்து, புடவை, அந்தப் புடவைமேல் ஒரு ரேம்! கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்கிறவருக்கு வேறு என்ன தோன்றும்? நம் மாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இன்னாடி, சீப்பு மாரி கீது?" என்றார்.

அந்தச் சீப்பைச் சொருகியதும் கம்ப்யூட்டர் நடுநடுவே மாட்டிக்கொண்டு நிற்பது போய்விட்டது. வீடே உன்னைக் கொண்டாடியது. அன்று சாயங்காலம் நீ என் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு சொன்னாய்:

"அக்கா, என்னோட ரேம்தான் வேகமாம், அண்ணன் சொல்லுச்சி. ரெண்டயும் சேத்துப் போட்டா, எது மெதுவோ அதும் வேகத்துலதான் ரெண்டும் ஓடுமாம். உன்னோடதுக்கோசரம் என்னோடது எறங்கி ஓடுது, தெரியுமா?"

விளையாட்டாகத்தான் சொன்னாய். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அதற்குப் பிறகு ஸ்டுடியோக்காரர், "இத சின்னக்காவையே போடச் சொல்லுங்க" என்று சொல்லும்போதெல்லாம் உன் வார்த்தைதான் என் காதில் கேட்டது.

காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. நீ போன பிறகாவது அந்த எரிச்சல் அடங்கும் என்று நினைத்தேன். எங்கே? கல்லறைத் திருநாளன்று உன் கல்லறையைச் சுற்றி நிற்க எனக்கு இடம் கிடைக்கவில்லை. குழம்பில் உப்பு கூடினால்கூட மாமியார், "சின்னவ இருந்தா..." என்று ஆரம்பித்துவிடுகிறார். இருந்திருந்தால் நீயும் என்றாவது ஒருநாள் உப்பைக் கூடப் போட்டிருப்பாய். இனி அதற்கும் வழியில்லை.

போன வாரம் என் பழைய ரேம் செத்துப்போனது. சர்வீஸ்காரர் புதிதாக இரண்டு கொண்டுவந்தார். ஒன்றைச் சொருகிவிட்டு உன்னுடையதைத் தொட்டுக் காட்டினார்.

"இத வச்சிருந்தா புதுசும் இது வேகத்துக்குத்தாங்கா ஓடும். எடுத்துட்டா ரெண்டும் புல் ஸ்பீடு. ஆனா கண்ணுக்குப் பெருசா ஒண்ணும் தெரியாது, சொல்லிட்டேன்."

கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன, எனக்குத் தெரியுமே! இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நீ மெதுவானவள். "புடுங்கிடுப்பா" என்றேன்.

அவர் போனதும் முதல் நற்கருணை வாங்கிய ஒரு பிள்ளையின் புதுநன்மை ஆல்பத்தை உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல் முடித்தேன். "பாத்தியாடி?" என்று திரும்பினேன். உன் நாற்காலியில் மடிக்காத துணி குவிந்து கிடந்தது. நீ பார்க்காமல் உன்னை முந்தி என்ன புண்ணியம்? அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் உட்காரவே பிடிக்கவில்லை.

அதனால்தான் இன்று ரப்பரைத் தேடினேன். புதியதில் ஒன்றைப் பிடுங்கினேன். உன்னுடையதைத் தேய்த்து, ஊதி, என்னுடையதற்குப் பக்கத்தில் சொருகினேன். பீப் சத்தம் இல்லாமல் திரை வந்தது. வாய்விட்டே சொன்னேன்:

"அடியே, உன்னோடதுக்கோசரம் என்னோடது எறங்கி ஓடுது, தெரியுமா?"

"யார்கிட்டடி பேசற?" என்று மாமியார் அடுப்படியிலிருந்து கேட்டார்.

"சின்னவகிட்ட" என்றேன்.

உன்மேல் எனக்குள்ள பொறாமை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதை நான் விடுவதாகவும் இல்லை. உன் புடவைகள், உன் நல்ல பெயர், உன் சமையல் பக்குவம் எல்லாவற்றையும் வீட்டில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பொறாமை ஒன்றுதான் எனக்கே எனக்கென்று நீ விட்டுப்போனது.